வராத நாவலுக்குக் கணக்கு எழுதுவது எப்படி? 'தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்' ஊகக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் பனியும் நெருப்பும் கதை வரிசையில் ஐந்தாவது நாவல் 2011 ஜூலையில் வந்தது. ஆறாவதான 'தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்' இன்னும் வந்தபாடில்லை. அன்றைக்குப் படிவம் ஐந்தில் இருந்தவர்கள் இன்றைக்குப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் பினாங்கில் நாலு வாசகர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. ஜான் ஸ்னோ எழுந்திருப்பானா? செர்சியின் கழுத்தை நெரிக்கப்போவது யார்?

நம்மவர்களுக்கு இந்த வழக்கம் புதிதா என்ன? 1950 முதல் 1954 வரை கல்கியில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, நந்தினி யார் பெற்ற பெண், ஆதித்த கரிகாலனைக் குத்தியது யார் என்று வாரா வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அவர்களுக்கு ஒரு வாரம் பொறுத்தால் போதும். நமக்குத்தான் இத்தனை வருடம்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு மாற்றத்தைத்தான் கேட்கிறது. 'அடுத்து யார் சாவார்?' என்ற கேள்வியைத் தூக்கிப் போடுங்கள். 'இந்தக் கதை இன்னும் யாருக்கு என்ன பாக்கி வைத்திருக்கிறது?' என்று கேளுங்கள். லெபோ பினாங்குக் கிட்டங்கிகளில் செட்டியார்கள் எழுதிய பற்று வரவு ஏட்டைப் போல நாவலுக்கும் ஓர் ஏடு போட்டால், பாதி ஊகம் தானாக விழுந்துவிடும், மீதி வலுவாகும்.

ஐந்து நாவல்களையும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. கீழே எல்லா ரகசியமும் உடைபடும்.

படி 1: எது சான்று என்று முதலிலேயே பேசி முடியுங்கள்

சண்டையில் பாதி இதனால்தான் வருகிறது. ஒருவர் புத்தகத்தை வைத்துப் பேசுவார், இன்னொருவர் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரை வைத்து மறுப்பார், இருவருக்கும் தாங்கள் வேறு வேறு கதையைப் பேசுகிறோம் என்றே தெரியாது.

1996, 1998, 2000, 2005, 2011 ஆகிய ஆண்டுகளில் வந்த ஐந்து நாவல்கள்தான் முதல் தரச் சான்று. அடுத்தது, ஆறாவது நாவலிலிருந்து மார்ட்டினே வெளியிட்ட அல்லது மேடையில் வாசித்துக் காட்டிய மாதிரி அத்தியாயங்கள். தியோன், அரியான், டிரியன், விக்டேரியன், பாரிஸ்டன் ஆகியோருடையவை இருக்கின்றன. 2014-இல் ஆர்யாவின் 'மெர்சி', 2015-இல் சான்சாவின் 'அலெய்ன்' வந்தன. ஆனால் அச்சாகும் வரை எழுத்தாளர் எதையும் மாற்றலாம், ஆகவே இவற்றை இரண்டாம் தரமாகவே வையுங்கள். 2018-இல் வந்த 'ஃபயர் அண்ட் பிளட்' போன்ற வரலாற்று நூல்கள் மூன்றாம் தரம். அந்த நூலைச் சொல்பவர் ஒரு கற்பனை வரலாற்றாசிரியர். அவர் எடுத்தாளும் சாட்சிகளே ஒருவரை ஒருவர் மறுக்கிறார்கள்.

தொலைக்காட்சித் தொடரைச் சான்றாகவே எடுக்காதீர்கள். 2011-இல் தொடங்கி 2019-இல் முடிந்த அந்தத் தொடர், புத்தகத்தின் முக்கியக் கணக்குகள் பலவற்றைத் தொடவே இல்லை. செத்துத் திரும்பிய கேட்லின், அதாவது லேடி ஸ்டோன்ஹார்ட், அதில் கிடையாது. இறந்துபோன இளவரசன் ரேகரின் மகன் ஏகான் என்று சொல்லிக்கொண்டு படையோடு வந்து இறங்கும் இளைஞனும் கிடையாது. அவ்வளவு பெரிய ஆளை எடுத்துவிட்டால் மற்றவர்கள் போகும் பாதையும் மாறத்தானே செய்யும்?

ஒரு விதிவிலக்கு உண்டு. தொடரைத் தயாரித்த இருவரையும் முதன்முதலில் சந்தித்தபோது மார்ட்டின் கேட்ட கேள்வி, 'ஜான் ஸ்னோவின் தாய் யார்?' அவர்கள் சரியாகச் சொன்னார்கள், தொடர் கைக்கு வந்தது. 2016-இல் திரையில் அந்த விடை லியானா ஸ்டார்க் என்று வெளிப்பட்டது. ஆக, அந்த ஒன்றைக் கிட்டத்தட்ட உறுதி என்று எடுத்துக்கொள்ளலாம். புத்தகத்தில் இன்னும் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஆள் வாரியாக மறுபடி படியுங்கள்

முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகப் படிப்பது கதைக்கு நல்லது, ஊகத்துக்கு ஆகாது. இந்த நாவல்களில் ஒவ்வோர் அத்தியாயமும் ஒருவர் கண் வழியாக மட்டுமே நடக்கும். அந்த ஆளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. அவர் தப்பாக நினைத்தால் நாமும் தப்பாகவே நினைப்போம். ஆகவே ஒரே ஆளின் அத்தியாயங்களை மட்டும் பொறுக்கி, அடுத்தடுத்துப் படியுங்கள். அவர் எதை நினைக்க மறுக்கிறார் என்பது அப்போதுதான் கண்ணில் படும். நெட் ஸ்டார்க்கை இப்படிப் படித்துப் பாருங்கள். தங்கை லியானாவின் ரத்தம் தோய்ந்த படுக்கை, அவளுக்குக் கொடுத்த வாக்கு, நீல ரோஜாக்கள் எல்லாம் வந்துகொண்டே இருக்கும். வாக்கு என்னவென்று மட்டும் அவர் தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ள மாட்டார்.

அத்தியாயத் தலைப்புகளையும் கவனியுங்கள். ஐந்தாம் நாவலில் தியோனின் அத்தியாயங்கள் 'ரீக்' என்று தொடங்கி, வேறு சில பட்டப்பெயர்களைத் தாண்டி, கடைசியில்தான் 'தியோன்' என்று ஆகின்றன. ஓர் ஆள் தன் பெயரைத் திரும்பப் பெறும் கதை தலைப்பிலேயே ஓடுகிறது. சான்சாவுக்கு அது இன்னும் நடக்கவில்லை, மாதிரி அத்தியாயத்திலும் அவள் அலெய்ன்தான். அவள் எப்போது மறுபடி சான்சா ஆவாள் என்பது ஏட்டில் ஏற வேண்டிய பாக்கி.

நான்காம், ஐந்தாம் நாவல்கள் பெரும்பாலும் ஒரே காலத்தில், வெவ்வேறு நிலங்களில் நடப்பவை. ஜான், டிரியன், டெனேரிஸ் மூவருக்கும் நான்காவதில் அத்தியாயமே இல்லை. இதை மறந்து தேதிக் கணக்குப் போட்டால் ஊகம் முழுக்கச் சொதப்பும்.

கூட்டமாகப் படித்தால் ஆளுக்கு ஓர் ஆளைப் பிரித்துக்கொள்ளுங்கள். கையில் புத்தகம் இல்லாதவர்கள் சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பார்க்கலாம். முன்னால் படித்தவர் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்ட பிரதி கிடைத்தால் விடாதீர்கள், அது இலவசமாகக் கிடைத்த இன்னொரு வாசகர்.

படி 3: பாக்கி ஏடு போடுங்கள்

ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். இடப் பக்கம் கதை கொடுத்த வாக்கு, வலப் பக்கம் தீர்ந்ததா இல்லையா. எது வாக்கு? துப்பாக்கியைக் காட்டினால் சுட வேண்டும் என்பார்களே, அந்த அளவுக்குச் சுலபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மார்ட்டின் நூறு துப்பாக்கி காட்டுபவர். கதை திரும்பத் திரும்பத் தொட்டுவிட்டு நகர்ந்துபோவது எதுவோ, அதை மட்டும் எழுதுங்கள்.

என் ஏட்டில் முதல் வரி ஹவ்லண்ட் ரீட். ஒரு கோபுரத்தைக் காத்து நின்ற அரச காவலர் மூவரை எதிர்த்து நெட்டும் தோழர்களுமாக எழுவர் போனார்கள். உயிரோடு திரும்பியது இருவர், நெட்டும் ஹவ்லண்டும். நெட் முதல் நாவலிலேயே போய்விட்டார். அந்தக் கோபுரத்தில் என்ன நடந்தது என்று நேரில் பார்த்தவர் ஹவ்லண்ட், ஐந்து நாவலிலும் ஒரு காட்சியில்கூடத் தலைகாட்டவில்லை. அவருடைய பிள்ளைகள் வருகிறார்கள், பெயர் வருகிறது, ஆள் மட்டும் வருவதில்லை. இதற்குப் பெயர்தான் பாக்கி.

இப்போது பெரிய கணக்கு. ஐந்தாம் நாவலின் கடைசியில் ஜான் ஸ்னோவை அவனுடைய ஆட்களே குத்துகிறார்கள். விழும்போது அவன் வாயிலிருந்து வந்த சொல் 'கோஸ்ட்', அவனுடைய ஓநாயின் பெயர். அத்தோடு புத்தகத்தை மூடிவிட்டு, அதே நாவலின் முன்னுரைக்குத் திரும்புங்கள். அங்கே வராமிர் என்றொருவன் செத்துக்கொண்டிருக்கிறான். விலங்குகளின் உடலுக்குள் புகத் தெரிந்தவன். உடல் போன பிறகும் விலங்குக்குள் ஓர் இரண்டாம் வாழ்க்கை உண்டு, ஆனால் நாளாக ஆக மனிதன் கரைந்து விலங்கே மிஞ்சும் என்று நமக்குப் பாடம் எடுத்துவிட்டுத்தான் சாகிறான். போகிற போக்கில் ஜானிடமும் அந்தச் சக்தி உண்டு, பழகத்தான் இல்லை என்கிறான். அதற்கும் கத்திக்குத்துக்கும் இடையே கிட்டத்தட்ட ஆயிரம் பக்கம். வேறு எதற்காக அந்த முன்னுரை?

'ஜான் திரும்பி வருவானா' என்று ஊகிப்பதில் இனி ருசி இல்லை, எல்லோரும் வருவான் என்றுதான் சொல்வார்கள். திரும்பும்போது அவனிடம் எவ்வளவு ஜான் மிச்சமிருக்கும்? ஓநாயிடம் எதை விட்டுவிட்டு வருவான்? இந்தக் கேள்விகளில்தான் பாக்கி இருக்கிறது. ஏற்கெனவே செத்துத் திரும்பிய பெரிக் டொண்டாரியன் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நினைவை இழந்தான். கேட்லின் திரும்பியபோது பழிவாங்கும் வெறி மட்டுமே மிஞ்சியிருந்தது. சும்மா திரும்பியவர் ஒருவரும் இல்லை.

படி 4: ஜோதிடத்தைக் கேட்டவரின் காதால் கேட்காதீர்கள்

நான்காம் நாவலில், சின்ன வயசு செர்சிக்கு மேகி என்ற கிழவி குறி சொன்ன காட்சி வருகிறது. (மேகி என்றதும் மேசையில் ஒருவர் மேகி கோரெங் கேட்பார். அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.) ராணி ஆவாய், உன்னைவிட இளையவள், அழகி ஒருத்தி வந்து உன்னைத் தள்ளுவாள், உனக்கு மூன்று பிள்ளைகள், அவர்களுக்குப் பொன் முடியும் பொன் சவத்துணியும், கடைசியில் தம்பி உன் கழுத்தைக் கைகளால் சுற்றி நெரிப்பான். தம்பி வரியைத் தொலைக்காட்சித் தொடர் விட்டுவிட்டது. முதல் படியில் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

தம்பி என்றால் டிரியன்தான் என்று செர்சி முடிவு கட்டி, வாழ்நாள் முழுக்க அவனை வெறுக்கிறாள். வாசகர்கள் என்ன சொல்கிறார்கள்? ஜேமியும் தம்பிதானே! இரட்டையரில் செர்சி முதலில் பிறந்தாள், ஜேமி அவள் காலைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தான். நான்காம் நாவலின் முடிவில், உதவி கேட்டு அவள் எழுதிய கடிதத்தை ஜேமி நெருப்பில் போடச் சொல்கிறான்.

எங்கள் மேசையில் இதைச் சொன்னபோது, பட்டர்வொர்த்திலிருந்து வரும் ஓர் அக்கா தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "தம்பி, ஜேமிக்கு வலது கை இல்லையேப்பா. 'கைகளால்'னு சொல்லியிருக்கு. ஒரு கை தங்கம், அதை வெச்சு எப்படி நெரிப்பான்?" உடனே எதிர்ப்பக்கம் ஓர் அண்ணன்: "அக்கா, டிரியன் ஷேயை நெரிச்சது எதை வெச்சு? தங்கக் கைகளைக் கோத்த சங்கிலி!" இரண்டுமே புத்தகத்தில் இருக்கிறது. அன்று இரவு யாரும் ஜெயிக்கவில்லை.

குறி என்று வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். கேட்டவர் எதை நம்ப ஆசைப்படுகிறார்? சொற்களில் எதைத் தானாகச் சேர்த்துக்கொண்டார்? ('உன் தம்பி' என்று கிழவி சொல்லவே இல்லை. யாரோ ஒருவரின் தம்பியாகவும் இருக்கலாம்.) குறியிலிருந்து தப்ப அவர் செய்யும் காரியமே அதை நடத்தி வைக்குமா? மூன்றாவதுதான் மார்ட்டினுக்குப் பிடித்தது என்பது என் கட்சி. டிரியனுக்குப் பயந்து செர்சி செய்த ஒவ்வொன்றும் ஜேமியை அவளிடமிருந்து விலக்கியிருக்கிறது.

படி 5: ஆளின் குணத்துக்கு ஒத்து வருகிறதா?

சம்பவத்தை ஊகித்தபின், அந்த ஆள் அதைச் செய்வாரா என்று கேளுங்கள். பல்லை நறநறவென்று கடிக்கும் ஸ்டானிஸ் எதை விட்டுக்கொடுப்பார், எதை விடவே மாட்டார்? 'டார்யோதான் யூரோன்' போன்ற வேடிக்கை ஊகங்கள் இங்கேதான் உடையும். நாள்கணக்கை எப்படியோ ஒட்டவைத்துவிடலாம், குணத்தை ஒட்டவைக்க முடியாது.

உறவுமுறையும் இந்தப் படியில்தான் வரும், இதில் தமிழ் வாசகர்களுக்குத் தனிக் கஷ்டம் இருக்கிறது. ஜான் ரேகரின் மகன் என்றால், ரேகரின் தங்கை டெனேரிஸ் அவனுக்கு அத்தை முறை. "அத்தை மகளைக் கட்டலாம்லா, அத்தையையே எப்படிக் கட்டுறது?" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் காதல் ஊகத்தையே வீட்டோ செய்துவிட்டார். அண்ணன் தங்கையே மணந்துகொள்ளும் டார்கேரியன் குலத்தில் இது ஒரு பொருட்டில்லை. ஆனால் ஜான் வளர்ந்தது ஸ்டார்க் வீட்டில். தெரிய வரும்போது அவன் முகம் எப்படிப் போகும் என்பதைத்தான் ஊகிக்க வேண்டும்.

படி 6: எழுத்தாளரின் கையைப் படியுங்கள்

மார்ட்டின் தன்னைத் தோட்டக்காரர் வகை என்பார். கட்டடக்காரரைப் போல வரைபடம் வைத்துக் கட்டுபவர் இல்லை, விதை போட்டு முளைப்பதைப் பார்ப்பவர். 1993-இல் தன் முகவருக்கு அவர் எழுதிய கடிதம் 2015-இல் வெளியே வந்தது. அதில் கதை மூன்றே நூல். ஜானுக்கும் ஆர்யாவுக்கும் காதல். ஜேமி தனக்கு முன்னால் நிற்கும் வாரிசுகளையெல்லாம் கொன்று, பழியை டிரியன் மேல் போட்டு அரியணை ஏறுகிறான். இன்றைக்குத் திட்டம் ஏழு நூல், ஜேமி திருந்தும் வழியில் நிற்கிறான். மூன்றாம் நாவலுக்குப் பின் கதையில் ஐந்தாண்டு தாவ நினைத்து, எழுதிப் பார்த்துவிட்டு அதையும் கைவிட்டார். ஆகவே 'அவர் முதலிலேயே முடிவு செய்துவிட்டார்' என்று யாராவது ஆரம்பித்தால், எந்த ஆண்டின் முடிவு என்று கேளுங்கள்.

படி 7: எழுதி, உறையில் போட்டு ஒட்டுங்கள்

வாயால் சொன்ன ஊகம் ஊகமே இல்லை. நாவல் வந்த மறுநாள் எல்லோரும் "நான் அப்பவே சொன்னேன்" என்பார்கள். ஒரு தாளில் ஐந்து வரி, அதற்கு மேல் வேண்டாம். ஜான் கணக்கை நான் எழுதியது இப்படி:

ஊகம்: ஜானின் உயிர் கொஞ்ச காலம் கோஸ்டுக்குள் இருக்கும், திரும்பியவன் முன்னைவிடக் கடுமையானவன்.
சான்று: வராமிரின் முன்னுரை, ஜானின் கடைசிச் சொல், பெரிக், கேட்லின்.
எதிர்ச்சான்று: ஜான் செத்துவிட்டான் என்று புத்தகம் இன்னும் சொல்லவில்லை, வெறும் காயமாகவும் இருக்கலாம்.
எது நடந்தால் பொய்: ஓநாய்க்குள் போன அனுபவம் எதுவும் இல்லாமல் அவன் கண் விழித்தால்.
நம்பிக்கை: பத்துக்கு எட்டு.

நாலாவது வரிதான் உயிர். அதை நிரப்ப முடியாதவர் ஊகிக்கவில்லை, ஆசைப்படுகிறார். ஆசைப்படுவதும் சரிதான், ஆனால் உறை கிடையாது.

குத்துப்படும் முன் ஜானுக்கு வந்து அவனைத் தூண்டிவிட்ட இளஞ்சிவப்பு அரக்குக் கடிதத்தை வைத்துப் பழகுங்கள். கையெழுத்து, தியோனைச் சித்திரவதை செய்த ராம்சியுடையது. ஏழு நாள் போரில் ஸ்டானிஸ் செத்தார் என்கிறது, தன் மனைவியையும் ரீக்கையும் திருப்பிக் கேட்கிறது. உண்மையில் எழுதியது ராம்சியா, மான்ஸ் ரேடரா, ஸ்டானிஸே விரித்த வலையா? முன்பு தியோனின் அக்கா ஆஷாவுக்குப் போன ராம்சியின் கடிதத்தோடு உரித்த தோல் துண்டு வந்தது, இதில் இல்லை. தியோனின் மாதிரி அத்தியாயத்தில் ஸ்டானிஸ் உயிரோடு இருக்கிறார், போரே இன்னும் தொடங்கவில்லை. உங்கள் நாலாவது வரியை இதற்கு எழுதிப் பாருங்கள், எவ்வளவு கடினம் என்று தெரியும்.

படி 8: மேசையில் உட்காருங்கள்

மாமாக் கடை போதும், ஆனால் பந்தாட்டம் ஒளிபரப்பாகும் இரவில் வேண்டவே வேண்டாம். கோல் விழும்போது உங்கள் சான்றை யாரும் கேட்க மாட்டார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள், பாலம் தாண்டி வருபவர்கள் இருந்தால் ஞாயிறு காலைப் பசியாறல் நேரம் பொருந்தும். தைப்பூச வாரத்தில் கூட்டம் போட நினைக்காதீர்கள், பாதிப்பேர் தண்ணீர்மலையில் இருப்பார்கள்.

ஒரு நாளைக்கு ஒரே ஊகம். சொல்பவருக்கு எதிராக வாதாட ஒருவரை முன்கூட்டியே நியமியுங்கள். அவருக்கு அந்த ஊகம் பிடித்திருந்தாலும் எதிர்த்துத்தான் பேச வேண்டும். மேற்கோள் காட்டுபவர் பக்கத்தைத் திறந்து காட்டட்டும். "எங்கேயோ படிச்சேன்" என்றால் அன்றைய ரொட்டி சானாய் அவர் கணக்கு.

படி 9: நாவல் வந்துவிட்டால்

முதல் காரியமாகப் புலனக் குழுவைப் பூட்டுங்கள். மெதுவாகப் படிப்பவரின் வேகத்துக்கு ஒரு தேதி குறியுங்கள், அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது. பிறகு உறைகளை எழுதியவர் பிரிக்கக் கூடாது, எதிர்த்து வாதாடியவர் பிரித்து உரக்கப் படிக்கட்டும். சம்பவம் சரியென்றால் ஒரு புள்ளி, காரணமும் சரியென்றால் மூன்று. சம்பவம் தப்பி, பாக்கியை மட்டும் சரியாகக் கண்டவருக்கு இரண்டு. அதிகப் புள்ளி எடுத்தவருக்கு மற்றவர்கள் நாசி கண்டார் வாங்கித் தர வேண்டும், மீன் முட்டையோடு.

ஒரே ஓர் ஊகத்துக்கு மட்டும் புள்ளி கிடையாது என்று இன்றே எழுதி வையுங்கள்: முன்னுரை அத்தியாயம் யார் கண் வழியாக நடக்கிறதோ அவர் சாவார் என்பது. வில், கிரெசென், செட், பேட், வராமிர் என்று ஐந்து நாவலிலும் ஒருவர்கூடத் தப்பவில்லை. அதைச் சொல்ல உறை எதற்கு?